முதல் கிட்டார்: குறை கையிலா, கருவியிலா?

"அக்கா, எங்க படிப்பகத்துப் பசங்க கிட்டார் கத்துக்கணும்னு கேக்குறாங்க. எது வாங்கலாம்?"

இந்தக் கேள்வியோடு வரும் மாணவத் தோழர்களிடம் பதில் சொல்லும் முன் நாங்கள் எப்போதும் கொஞ்சம் தயங்குவோம். பதில் தெரியாததால் அல்ல, அதை நாங்கள் கற்றுக்கொண்ட விதத்தால். நாங்கள் செய்த தவறுக்கு வலி பட்டது ஒரு ஒன்பதாம் வகுப்பு மாணவியின் விரல்கள். அதை மறைத்துவிட்டு வெறும் பட்டியலாகக் கொடுக்க மனம் வரவில்லை. எனவே நடந்ததை நடந்தபடியே எழுதுகிறோம்.

வடசென்னையில் ஒரு குடியிருப்புக்குள் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து மாலைப் படிப்பகம் நடத்துகிறோம். வாடகைக்கு எடுத்த ஓர் அறை, இரண்டு பெஞ்சு, ஒரு கரும்பலகை, அலமாரியில் கொஞ்சம் புத்தகங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூன் மாதம், அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கும் ஒருவர் வீடு மாறும்போது தன்னிடமிருந்த கிட்டாரை எங்களிடம் கொடுத்தார். பல ஆண்டுகளாகப் பரண்மேல் கிடந்த கருவி. துடைத்தால் பளபளவென்று இருந்தது. கம்பிகளில் மட்டும் இரண்டு அறுந்திருந்தன. "இலவசமா கிடைச்சிருக்கு, கம்பி போட்டா வேலை முடிஞ்சது" என்று மகிழ்ந்தோம். கடைக்குப் போய், கிட்டார் கம்பி ஒரு செட் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி, ஆறையும் நாங்களே மாட்டினோம். என்ன கிட்டார் என்று கடைக்காரர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எங்களுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

எங்களில் ஒருவருக்கும் கிட்டார் வாசிக்கத் தெரியாது. கைபேசியில் காணொளி போட்டுக் காட்டினோம். ஏழெட்டுப் பிள்ளைகள் ஆர்வமாக வந்தார்கள், இரண்டு வாரத்தில் கலைந்துபோனார்கள். ஒருத்தி மட்டும் நின்றாள். நன்றாகப் பாடுகிற பெண். தெருவில் கானா ஒலித்தாலும் சரி, சினிமாப் பாட்டு ஒலித்தாலும் சரி, ஒருமுறை கேட்டுவிட்டுச் சுருதி பிசகாமல் திருப்பிப் பாடுவாள். பாத்திரம் கழுவி, தம்பியைத் தூங்கவைத்துவிட்டு ஏழரை மணிக்கு வந்து, ஒரு மணி நேரம் மூலையில் உட்கார்ந்து சி கார்டைப் பிடிக்க முயல்வாள். மூன்று விரலால் மூன்று கம்பியை அழுத்தினால் போதும், எல்லோரும் தொடக்கத்தில் கற்பது அதுதான். அவளுக்கு வரவில்லை. ஒரு கம்பி ஒலித்தால் இன்னொன்று செத்த ஒலி கொடுத்தது. அழுத்தி அழுத்தி விரல் நுனி சிவந்து, தோல் உரிந்து, கோடு விழுந்திருந்தது.

"ஆரம்பத்துல எல்லாருக்கும் வலிக்கும்மா, பயிற்சி பண்ணு" என்றோம். முதல் சில வாரங்கள் விரல் நுனி வலிப்பது உண்மைதான். தோல் தடித்ததும் அது போய்விடும். ஆனால் அவளுக்கு நான்கு மாதம் ஆகியும் போகவில்லை. தீபாவளி விடுமுறைக்குப் பிறகு அவள் கிட்டாரைத் தொடவில்லை. கேட்டதற்கு, "எனக்கு வராதுக்கா. என் கை அதுக்கு லாயக்கில்ல" என்றாள். நாங்கள் என்ன செய்தோம்? எங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டோம்: ஆர்வம் இருக்கு, விடாமுயற்சி போதல.

இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. பியர் போர்தியுவின் பண்பாட்டு மூலதனம் பற்றிப் படித்துத் தேர்வெழுதி, சமூகவியலில் முதுகலைப் பட்டம் வாங்கியவர்கள் எங்களுக்குள்ளேயே உண்டு. வசதி இல்லாததைத் திறமை இல்லாதது என்று பள்ளிக்கூடம் எப்படிப் பெயர் மாற்றி எழுதுகிறது என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். சேரிப் பிள்ளைகளைப் பார்த்து "இதுங்களுக்குப் படிப்பு ஏறாது" என்று சொன்ன ஆசிரியர்களோடு சண்டை போட்டிருக்கிறோம். அதே வாக்கியத்தைக் கொஞ்சம் நாகரிகமாக, எங்கள் படிப்பகத்தில், எங்கள் பிள்ளையைப் பார்த்து நாங்களே சொல்லியிருக்கிறோம். கருவியை ஒருமுறைகூடச் சந்தேகப்படவில்லை.

டிசம்பரில் கிறிஸ்துமஸ் கேரல் பாட்டுக்காக, பக்கத்துத் தெருத் தேவாலயத்தில் கிட்டார் வாசிக்கும் அண்ணன் ஒருவர் படிப்பகத்துக்கு வந்தார். பகலில் வெல்டிங் பட்டறை வேலை, ஞாயிறு ஆராதனையில் கிட்டார். மூலையில் கிடந்ததை எடுத்து ஒரு கார்டு பிடித்தார், உடனே கீழே வைத்துவிட்டார்.

"இதுல யாரு கத்துக்குறாங்க?"

சொன்னோம்.

"பாவம் அந்தப் புள்ள. இருபது வருசமா வாசிக்கிறேன், என்னாலயே இதுல அழுத்த முடியல."

பிறகு எங்களை உட்காரவைத்துக் காட்டினார். இது நைலான் நரம்பு போட வேண்டிய கிளாசிக்கல் கிட்டார். அடையாளம் எளிது: தலைப்பகுதியில் நீளவாக்கில் இரண்டு துளைகள் இருக்கும், பிரிட்ஜில் நரம்பை முடிச்சுப் போட்டுக் கட்டுவார்கள். ஸ்டீல் கம்பி கிட்டாரில் தலை பெரும்பாலும் முழுப் பலகையாக இருக்கும், பிரிட்ஜில் ஆறு சின்ன முளைகள் இருக்கும். நைலான் நரம்புகள் ஆறும் சேர்ந்து இழுப்பது சுமார் 40 கிலோ. ஸ்டீல் கம்பிகள் ஆறும் சேர்ந்தால் சுமார் 70 கிலோ. அந்த இழுவையைத் தாங்கத்தான் ஸ்டீல் கம்பி கிட்டாரின் கழுத்துக்குள் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி வைக்கிறார்கள். கிளாசிக்கல் கிட்டாரில் அது பொதுவாக இருப்பதில்லை. நாங்கள் ஜூன் மாதம் மாட்டியது ஸ்டீல் கம்பி. ஆறு மாதமாக அது கழுத்தை வில்லாக வளைத்திருந்தது. பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை லேசாக உப்பியிருந்தது.

அண்ணன் ஒரு பிள்ளையின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து ஸ்கேலை எடுத்து, பன்னிரண்டாவது ஃப்ரெட்டின்மேல் நிறுத்தினார். ஃப்ரெட் என்பது கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டை. அந்த இடத்தில் பட்டையின் மேல்விளிம்புக்கும் கம்பிக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பார்க்க வேண்டும். நல்ல ஸ்டீல் கம்பி கிட்டாரில் தடித்த கம்பிக்கு இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர் இருக்கும். நைலானுக்கு நான்கு வரை போகலாம். எங்களுடையதில் ஏழு.

ஏழு மில்லிமீட்டர். அந்தப் பெண் நான்கு மாதம் போராடியது இந்த இடைவெளியோடுதான்.

புதிய கிட்டார் வாங்குவது என்று அன்றே முடிவு செய்தோம். நால்வரும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு 7,000 ரூபாய் சேர்த்தோம். அப்போது ஒரு தோழர் நியாயமான ஒரு கேள்வி கேட்டார்: பறை நம்மிடம் இருக்கும்போது கிட்டார் எதற்கு? இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. பறை இழிவின் அடையாளமாக ஆக்கப்பட்டது, அதை உரிமையின் அடையாளமாக மீட்டெடுக்க நடந்த போராட்டம் பெரியது. ஆனால் மீட்டெடுத்தோம் என்பதற்காக, நம் பிள்ளைகள் அதை மட்டுமே வாசிக்க வேண்டும் என்று நாமே ஒரு கோடு போட முடியுமா? 2018 ஜனவரியில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' சென்னையில் முதன்முதலாக மேடையேறியபோது கானாவும் பறையும் கிட்டாரும் ஒன்றாகத்தான் ஒலித்தன. தமிழ்த் திரையிசைக்கும் கிட்டார் அந்நியமல்ல. இளையராஜா இசையமைப்பாளர் ஆவதற்கு முன் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்று, மற்றவர்களின் குழுக்களில் கிட்டார் வாசித்தவர். எந்தக் கருவி என்பதைப் பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும். இந்தப் பெண் கேட்டது கிட்டார்.

அவளைக் கடைக்கு அழைத்துப் போவதுதான் கடினமாக இருந்தது. "எனக்கு வேணாம்க்கா, மத்தவங்களுக்கு வாங்குங்க" என்றாள். "சும்மா அளவு பாக்கத்தான் வா, உன் கை மாதிரிதானே மத்த பசங்க கையும்" என்று சொல்லித்தான் கூட்டிப்போனோம். தேவாலய அண்ணனும் ஒரு சனிக்கிழமை அரைநாள் விடுப்பு போட்டு வந்தார்.

முதல் கடையில் நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும். விற்பனையாளர் எங்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "யாருக்கு? இந்தப் பொண்ணுக்கா? கத்துக்கதானே, இது போதும்" என்று அட்டைப்பெட்டியில் இருந்த நீல நிறக் கிட்டார் ஒன்றை எடுத்து வைத்தார். பையும் பிக்கும் கம்பி செட்டும் சேர்த்து 2,600 ரூபாய். அவள் சுவரில் தொங்கிய வேறொன்றைத் தொடப்போனாள். "வாங்குறதா இருந்தா சொல்லுங்க, எடுத்துத் தரேன். சும்மா தொடாதீங்க" என்றார். அவள் கையை உடனே பின்னால் கட்டிக்கொண்டாள். அண்ணன் அந்த நீலக் கிட்டாரின் கழுத்தோரம் விரலை ஓட்டிப் பார்த்தார். ஃப்ரெட் முனைகள் அரம்போல நீட்டிக்கொண்டிருந்தன. ஸ்கேல் வைத்துப் பார்த்தார். ஐந்து மில்லிமீட்டர். "வாங்க போலாம்" என்றார்.

'கத்துக்கதானே, இது போதும்.' இந்த வாக்கியத்தை நன்றாகக் கவனியுங்கள். பத்தாண்டு வாசித்தவர் மோசமான கிட்டாரைக்கூட ஓரளவு சமாளித்துவிடுவார். எங்கே தவறு என்று அவருக்குத் தெரியும். தொடக்கநிலைப் பிள்ளைக்கு அது தெரியாது. கருவி செய்கிற பிழையை எல்லாம் தன் பிழை என்றே எடுத்துக்கொள்ளும். அதனால் கற்கத் தொடங்குகிறவருக்குத்தான் ஒழுங்கான கருவி முதலில் வேண்டும். விலை உயர்ந்தது என்று பொருள் இல்லை, ஒழுங்கானது.

இரண்டாவது கடை சின்னது. பெரியவர் ஒருவர் இருந்தார். "உக்காந்து பாரும்மா" என்று அவளுக்கு முக்காலி போட்டார். அதன்பிறகு நடந்ததுதான் எங்களுக்கு உண்மையான பாடம்.

முதலில் உட்கார்ந்து பிடிப்பது. நம் ஊர்க் கடைகளில் கிட்டாரை இஞ்ச் கணக்கில் சொல்வார்கள். 41 இஞ்ச் என்றால் பெரும்பாலும் அகலமான பெரிய உடல். அதை மடியில் வைத்ததும் அவளுடைய வலது தோள் காதுவரை ஏறிவிட்டது. உடல் சிறிய, இடுப்பு ஒடுங்கிய ஒன்றைக் கொடுத்ததும் தோள் இறங்கியது. விளம்பரமோ பிராண்டோ இதைச் சொல்லாது, உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை என்றால் முக்கால் அளவுக் கிட்டாரே போதும்.

அடுத்தது நைலானா, ஸ்டீலா. நைலான் விரலுக்கு மென்மை. ஆனால் கிளாசிக்கல் கிட்டாரின் கழுத்து அகலம்: மேல்முனையில் சுமார் 52 மில்லிமீட்டர், ஸ்டீல் கிட்டாரில் சுமார் 43. சின்னக் கைக்கு அந்த வித்தியாசம் பெரிது. அதைவிட முக்கியமான கேள்வியை அண்ணன் அவளிடமே கேட்டார்: "நீ என்ன பாட்டும்மா வாசிக்கப் போற?" தான் பாடும்போது கூடவே வாசிக்க வேண்டும் என்றாள். பாட்டுக்குப் பின்னால் கார்டு தட்டுவதற்கு ஸ்டீலின் கணீர் ஒலி பொருந்தும். விரல்விட்டு மீட்டித் தனியாக வாசிக்க விரும்புகிறவருக்கு நைலான் பொருந்தும். இதில் உயர்வு தாழ்வு இல்லை.

பிறகு கழுத்து. தலைப்பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மரச்சட்டம் நேராக இருக்கிறதா என்று தச்சர் பார்ப்பதுபோலப் பார்க்க வேண்டும். மயிரிழை அளவு உள்வளைவு இருக்கலாம், அது இருப்பதுதான் முறை. முறுக்கு இருக்கக்கூடாது. அதன்பின் ஸ்கேல். அதன்பின் ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அழுத்தி ஒலிக்கவிட்டு, எங்காவது 'கிர்' என்று இரைகிறதா என்று கேட்க வேண்டும். அவசரமில்லாமல் பார்த்தாலும் பத்து நிமிடம்தான் ஆகும்.

கடைசியாகச் சுருதி. பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேர்மேலே கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டினால் மணிபோல ஓர் ஒலி வரும். அதே இடத்தில் அழுத்தி மீட்டும் ஒலியும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எவ்வளவு சுருதி சேர்த்தாலும் கார்டுகள் அபசுரமாகத்தான் கேட்கும். கைபேசியில் இலவச ட்யூனர் செயலியை வைத்து இதைச் சரிபார்க்கலாம். எங்களுக்குச் செயலி தேவைப்படவில்லை. மூன்றாவதாகப் பார்த்த கிட்டாரில், "இது கொஞ்சம் ஏறிப்போகுதுண்ணா" என்று அவளே சொல்லிவிட்டாள். அண்ணன் செயலியை வைத்துப் பார்த்தார், ஏறித்தான் போயிருந்தது. பெரியவர் சிரித்தபடி அதை எடுத்து உள்ளே வைத்தார்.

நான்காவது, அடர்பழுப்பு நிறம், சிறிய உடல். ஸ்பீக்கரில் இணைக்கும் வசதி, பளபளப்பான வேலைப்பாடு எதுவும் இல்லை. மேல்பலகை ஒட்டுப்பலகைதான். முழுமரப் பலகைக்கு ஒலி நன்றாக இருக்கும், ஆனால் விலை அதிகம். நம் கடலோர ஈரப்பதத்தையும் பிள்ளைகள் மாறி மாறித் தூக்குவதையும் ஒட்டுப்பலகை நன்றாகத் தாங்கும். அவள் சி கார்டு பிடித்தாள். நான்கு மாதம் பழகிய விரல்கள், இடம் மறக்கவில்லை. வலது கையால் மேலிருந்து கீழே ஒருமுறை மீட்டினாள்.

எல்லாக் கம்பிகளும் ஒலித்தன.

நாங்கள் அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தோம். அவள் சிரிக்கவில்லை. இன்னொரு முறை மீட்டினாள். எங்களைப் பார்த்து, "அப்போ என் கை நல்லாத்தான் இருந்துச்சாக்கா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க ஏங்க்கா அன்னிக்கே சொல்லல?" என்றாள். குரலில் கோபம் இருந்தது. அது நியாயமான கோபம். "எங்களுக்குத் தெரியலம்மா. தெரிஞ்சுக்காம உன்மேல சொல்லிட்டோம். தப்பு எங்களோடது" என்று கடையிலேயே சொன்னோம்.

கிட்டார் 5,800 ரூபாய். பை 400. மெல்லிய கம்பி செட் 300. கம்பி உயரத்தைச் சரிசெய்து தர 500. மொத்தம் 7,000, சேர்த்ததெல்லாம் செலவானது. செட்டப் எனப்படும் அந்தக் கடைசி 500 ரூபாயைத்தான் பலர் மிச்சம் பிடிக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பையும் பிக்கும் இலவசம் என்று கிடைக்கும் மூட்டையைவிட, கம்பியைச் சரியான உயரத்தில் இறக்கித் தரும் ஒரு கை முக்கியம். பழைய கிட்டார் வாங்கினாலும் இதே சோதனைகள்தான், தெரிந்த ஒருவர் கூட இருந்தால் போதும்.

இப்போது அவள் பன்னிரண்டாம் வகுப்பு. செவிலியர் படிப்புக்குப் போக வேண்டும் என்கிறாள். பெரிய இசைக்கலைஞர் ஆகிவிட்டாள் என்று முடித்தால் உங்களுக்கும் நன்றாக இருக்கும், எங்களுக்கும் நன்றாக இருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை. ஏழெட்டு கார்டு தெரியும், ஏப்ரல் 14 நிகழ்ச்சியில் தானே வாசித்துப் பாடினாள், ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். புதிதாக வரும் பிள்ளைக்கு அவள் சொல்லும் முதல் வாக்கியம்: "ஒலி வரலன்னா என்கிட்ட சொல்லு, மொதல்ல கிட்டாரைப் பாப்போம்."

எங்களை எங்கேயோ திருத்திய வாக்கியம் அது. அதன்பிறகு படிப்பகத்துக்கு எது நன்கொடையாக வந்தாலும், கணினியானாலும் மூக்குக்கண்ணாடியானாலும் சதுரங்கப் பலகையானாலும், பிள்ளைகள் கையில் கொடுக்கும் முன் நாங்கள் பயன்படுத்திப் பார்க்கிறோம். பதிவேட்டில் அதற்கென்று ஒரு கட்டம் போட்டிருக்கிறோம். சில நன்கொடைகளை நன்றி சொல்லித் திருப்பி அனுப்பியும் இருக்கிறோம். கொடுத்தவர்களுக்கு வருத்தம்தான். இலவசமாக வந்தது, அதில் என்ன குறை பார்ப்பது என்பார்கள். நம் பிள்ளைகள் கழித்துக்கட்டப்பட்ட பொருளின்மேல் கற்றுக்கொண்டு, பிறகு கற்கவில்லை என்ற பெயரையும் வாங்க வேண்டியதில்லை.

எனவே தோழர்களே, கிட்டார் வாங்கப் போகும்போது வாசிக்கப்போகும் பிள்ளையை அழைத்துப் போங்கள். வாசிக்கத் தெரிந்த ஒருவரையும் அழைத்துப் போங்கள், உங்கள் தெருவிலேயே ஒருவர் இருப்பார். தொட்டுப் பார்க்க விடாத கடையிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். பையில் ஒரு ஸ்கேல் இருக்கட்டும்.

அந்தப் பழைய கிட்டார் இன்னும் எங்கள் அறையில் இருக்கிறது. பழுது பார்க்க ஆகும் செலவு கிட்டாரின் விலையைத் தாண்டும் என்றார் அண்ணன். ஸ்டீல் கம்பிகளைக் கழற்றவில்லை. புதிதாகப் படிப்பகத்தில் பாடம் எடுக்க வருகிற கல்லூரித் தோழர்களிடம் முதல்நாள் அதைக் கொடுத்து, சி கார்டு பிடித்துப் பாருங்கள் என்கிறோம். ஐந்து நிமிடம் கழித்து விரலைப் பார்க்கச் சொல்கிறோம். அதன்பிறகுதான் மாணவர் பட்டியலை அவர்கள் கையில் கொடுக்கிறோம்.